கொண்டக்டர் தேடிய கதவு

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் கொண்டக்டரைப் போல இன்னொரு மனிதர் கிடைக்கமாட்டார். ஊரிலுள்ள பழைய சாமானுக்கெல்லாம் அவர் சொந்தக்காரர். ஆனால் குடியிருந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்க அவருக்கு உரிமை கிடையாது. தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். அடையாள அட்டையிலும் அது இருந்திருக்கும், இல்லாவிட்டால் எங்கள் ஊர்ச் சோதனைச் சாவடிகளில் அவர் உயிரோடு மிஞ்சியிருக்கமாட்டார். ஆனால் எங்கள் எல்லோருக்கும் அவர் கொண்டக்டர்தான், வேலையில் இருந்தபோதும், ஓய்வு பெற்ற பிறகும், பாடையில் ஏற்றியபோதும்.

கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் ஓடிய அரச பஸ்ஸில் அவருடைய ஆயுளில் பாதி கழிந்தது. அந்தக் காலத்து பஸ்ஸுக்குக் கதவு கிடையாது. மிதிபலகையில் நின்று ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தகரத்தில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நிற்கவேண்டும், இரண்டு தட்டு என்றால் புறப்படவேண்டும். இந்தப் பழக்கம் காக்கிச் சட்டையோடு கழன்று போகவில்லை. சாப்பிட்டு முடித்தால் பிங்கானில் இரண்டு தட்டு. சாவு வீட்டில் கூட்டம் வாசலில் நெரிந்தால், "முன்னுக்குப் போங்க, நடுவில இடம் கிடக்கு!" என்று ஒரு சத்தம். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுதபடியே முன்னுக்குப் போவார்கள். களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவில் சாமி வெளிவீதி வரும்போது, இவர் வாகனத்தின் தண்டில் இரண்டு தட்டு தட்டினாராம், தூக்கியவர்கள் நாதஸ்வரத்தை விட்டுவிட்டு ஓடத் தொடங்கினார்களாம். தன் சொந்தக் கலியாணத்தில் தாலி கட்டிய கையோடு பந்தற்காலில் இரண்டு தட்டினார் என்றும், ஐயர் மிச்ச மந்திரத்தை விழுங்கிவிட்டு எழுந்துவிட்டார் என்றும் சொல்வார்கள். அந்தக் கலியாணத்துக்கு எனக்கு அழைப்பில்லை, ஆனாலும் நம்புகிறேன்.

வீட்டு விஷயத்தைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. தாயின் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுவான். கொண்டக்டரும் அப்படித்தான் கடற்கரையோரமாக இருந்த மனைவியின் வீட்டில் வந்து ஏறினார். அவர் மனைவியை 'வீட்டுக்காரி' என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொன்ன சொல் இல்லை, உண்மையான நிலவரம்.

மனிதருக்குப் பழைய சாமான் என்றால் பைத்தியம். பஸ் ஓடும் வழியெல்லாம் ஆட்கள் பழக்கம். ஓடாத மணிக்கூடு, பாடாத றேடியோ, சாவி தொலைந்த பித்தளைப் பூட்டு, கண்ணாடி உடைந்த லாம்பு, எது வீட்டில் இடைஞ்சலாகக் கிடந்தாலும் "கொண்டக்டரிட்டக் குடுங்க" என்று பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். சீட்டில் ஒரு மணிக்கூடு சொகுசாக உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் நிற்பாள். யாராவது முறைத்தால், "அது வயசானது தங்கச்சி, ஒள்ளம் பொறுங்க" என்பார்.

முதல் றேடியோவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே வீட்டுக்காரி வாசலில் நின்றாள்.

"இது என்ன?"

"றேடியோ. வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்."

"இது எங்கட அம்மாட வீடு. வெள்ளைக்காரன்ட சாமானை வெள்ளைக்காரன்ட வீட்டில வைங்க. இல்லாட்டி ஒங்கட அக்காட வீட்டில கொண்டு வைங்க."

அக்கா இருந்தது வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், பழுகாமத்தில். கலியாணம் முடித்துப் போன ஆண்பிள்ளைக்குத் தன்னுடையது என்று எதையாவது வைக்க இடம் தேவைப்பட்டால் அது தாய் வீட்டில்தான், அந்தத் தாய் வீடு இப்போது அக்காவின் வீடு. ஆகவே றேடியோ தோணியில் ஏறியது. பிறகு அவர் தட்டிக்கொட்டி ஓடவைத்த மணிக்கூடுகள் ஏறின, பூட்டுகள் ஏறின, லாம்புகள் ஏறின. சில வருஷத்தில் அக்காவுக்குப் படுக்கப் பாய் விரிக்க இடமில்லை. ஒவ்வொரு மணிக்கூடும் தன் இஷ்டத்துக்கு மணி அடிக்கும். ஒரு றேடியோவுக்குள் கோழி அடைகாத்து, குஞ்சுகளும் வெளியே வந்துவிட்டன. "எல்லாருக்கும் தம்பி இரிக்கான், எனக்கு மியூசியமெல்லா இரிக்கு" என்று அக்கா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லி அழுவாள். கொண்டக்டர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தோணியேறிப் போய், எல்லா மணிக்கூட்டுக்கும் சாவி கொடுத்துவிட்டு வருவார்.

ஒரு முறை சாவி கொடுத்த மணிக்கூட்டைப் பைக்குள் வைத்தபடியே சோதனைச் சாவடிக்குப் போய்விட்டார். பை டிக் டிக் என்றது. அடுத்த கணம் சாவடியில் நின்ற அத்தனை பேரும் தரையில் குப்புறப் படுத்தார்கள், துவக்கு வைத்திருந்த இராணுவத்தினரும்தான். நின்றவர் இவர் ஒருவர் மட்டும். "ஐயா, ஒண்டும் இல்ல. அஞ்சு நிமிசம் பிந்தி ஓடுது, வேற குற்றம் இல்ல" என்றாராம். அதற்காக அவரை வெயிலில் முழங்காலில் இருத்தினார்கள், பொழுது சாயும்வரை. அந்த மணிக்கூடு பக்கத்தில் ஓடிக்கொண்டேயிருந்ததால் எவ்வளவு நேரம் என்று தனக்குத் துல்லியமாகத் தெரியும் என்று பிறகு எங்களிடம் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு நாங்களும் சிரித்தோம். அப்படித்தான் அந்தக் காலத்தில் எதற்கும் சிரித்துத் தொலைத்தோம்.

அந்தக் கடற்கரை வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓட்டு வீடு, சிவப்புச் சீமெந்துத் தரை, முன்பக்கம் இரட்டைக் கதவு. கதவுக்கு மேலே சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மூன்று கண்ணாடி. மகள் வதனி சின்ன வயதில் பந்தடித்து மஞ்சளை உடைத்துவிட்டாள், அந்த இடத்தில் தகரத்துண்டு ஒன்றை வைத்து ஆணி அடித்திருந்தது. அந்த ஆணியை அடித்தவள் வீட்டுக்காரி. கதவைத் திறந்தால் தெருமுனைவரை கேட்கும் ஒரு கிரீச். எண்ணெய் விடவா என்று கேட்டால், "எங்கட அம்மாட கதவு, கத்தினாக் கத்தட்டும். கள்ளன் வந்தாச் சொல்லும்" என்பாள். வதனி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தக் கதவில் ஏறித் தொங்கி ஊஞ்சலாடுவாள். வேலை முடிந்து வரும் கொண்டக்டருக்குச் சந்தி திரும்பும்போதே அந்த கிரீச் கேட்கும். "என்ட பஸ் ஓடுது" என்பார். வீட்டில் தன்னுடையது என்று அவர் சொல்லிக் கேட்டது அந்தச் சத்தத்தை மட்டும்தான்.

பிறகு இயக்கத்தில் சேர்க்க வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு வந்தார்கள். கேட்டு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வதனி க.பொ.த. சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். காலையில் வந்தார்கள், கொண்டக்டர் அப்போது கல்முனை பஸ்ஸில் நின்றார். வீட்டுக்காரி மட்டும்தான் கண்டாள். என்ன நடந்தது என்று அவர் கேட்டபோதெல்லாம் அவள் சொன்னது ஒன்றுதான்: "கொண்டு போயிட்டாங்க." அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, அவரும் தோண்டவில்லை. வன்னிக்குக் கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்டதோடு சரி.

அதற்குப் பிறகு கடல் வந்தது. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொண்டக்டர் பழுகாமத்தில் மணிக்கூடுகளுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். தோணி பிடித்து இந்தப் பக்கம் வந்தபோது வீடு இருந்த இடத்தில் மணல் இருந்தது. வீட்டுக்காரியைத் தாழைப் பற்றைக்குள் கண்டெடுத்தோம். என்னுடைய வீடும் அந்தத் தெருவில்தான் இருந்தது, என் கதையை இன்னொரு நாளைக்கு எழுதும் தைரியம் வந்தால் எழுதுகிறேன். கடலுக்கு ஒரு குணம் இருக்கிறது, வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிடும். வீட்டுக்காரி போனாள், வீடு போயிற்று. வாவிக்கு அந்தப் பக்கம் அவள் துரத்திவிட்ட பழைய இரும்பெல்லாம் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. அன்றைக்குப் பிறகு அவர் ஒரு மணிக்கூட்டுக்கும் சாவி கொடுக்கவில்லை.

எங்களுக்குக் கட்டித் தந்த வீடுகளைப் பற்றி நன்றியோடுதான் எழுதவேண்டும், ஆனால் வரமாட்டேன் என்கிறது. கடலை விட்டுத் தள்ளி, வெட்டவெளியில், வரிசை வரிசையாக ஒரே அச்சு. ஒரே நீலக் கூரை, ஒரே தகரக் கதவு, ஒரே இடத்தில் ஒரே யன்னல். ஒவ்வொரு வீட்டு நெற்றியிலும் தந்தவர்களின் பெயர்ப்பலகை. திறப்பு விழாவில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் நாடா வெட்டினார். எங்களைக் கைதட்டச் சொன்னார்கள், தட்டினோம். பழக்க தோஷத்தில் கொண்டக்டர் இரண்டு தட்டோடு நிறுத்திவிட்டார்.

வந்து சேர்ந்த முதல் மாதமே என் மனைவி சந்தையால் வந்து பார்க்க, எங்கள் கட்டிலில் ஒரு ஆம்பிளை குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சட்டை எங்கள் கொடியில் தொங்கியது. இவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. கொண்டக்டர் எழுந்து சுற்றிப் பார்த்து, "மன்னிக்கணும் தங்கச்சி, இறங்குற இடம் பிழைச்சுப் போச்சு" என்று சட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். அவருடைய வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்தது. அடுத்த வாரம் எதிர் வரிசையில் ஒரு வீட்டுக்குள் போய், அடுப்பில் இருந்த கறியை இறக்கி வைத்திருக்கிறார். எல்லோரும் சிரித்தோம். அன்று பின்னேரம் வந்து என் வாசல்படியில் உட்கார்ந்தவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"தம்பி, நானே மாறி மாறி ஏறுறன். வதனி வந்தா எந்த வீடெண்டு எப்பிடிப் பிடிப்பாள்?"

"வீட்டுக்கு நம்பர் இருக்கே அண்ணன்."

"அவளுக்கு நம்பர் தெரியா. அவளுக்கு வீடுதான் தெரியும்."

இதற்கிடையில் வீட்டுக்கு உறுதிப் பத்திரம் எழுதும் வேலை வந்தது. அரசாங்கக் கந்தோருக்கு நானும் கூடப் போயிருந்தேன். எங்கோ ஒரு குளிரூட்டிய அறைக்குள் இருந்த யாரோ, வீட்டுத் தலைவன் ஆண்பிள்ளை என்று முடிவுசெய்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் தாய்மாரின் வீடுகளெல்லாம் அந்த ஒரு வரியில் தகப்பன்மாரின் வீடுகளாயின.

"வீட்டுத் தலைவர் நீங்கதானே?" என்றார் உத்தியோகத்தர்.

"இல்ல ஐயா. வீட்டுக்காரி கடலோட போயிட்டா. இனி மகள்தான்."

"அப்ப நீங்க யாரு?"

"நான் ஏறின ஆள். பஸ்ஸில ஏறினவன் பஸ் என்ட எண்டு சொல்லலாமா ஐயா?"

"மகள் எங்க?"

கந்தோரில் இருந்தவர்கள் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் அப்போது பதில் சொல்ல முடியாத கேள்விகளுக்கு எல்லோரும் பார்க்கும் இடம் அதுதான்.

"வருவாள்" என்றார் கொண்டக்டர்.

"வராத ஆளுக்கு வீடு எழுத ஏலா."

வீட்டை அவர் பெயரிலேயே எழுதித் தந்தார்கள். வரும் வழியெல்லாம், "என்ட பேரில வீடாம், தம்பி. வீட்டுக்காரி கேட்டிருந்தாச் சிரிச்சே செத்திருப்பாள்" என்றார். அதைச் சொல்லிவிட்டு அவர் தெருவோரம் நின்று அழுதார். அதற்கு அடுத்த நாள்தான் ஏறாவூர் காக்காவைத் தேடிப் போனார்.

ஏறாவூர் காக்கா பழைய சாமான் வியாபாரி, முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். கொழும்பில் பெரிய வீட்டுக்காரர்களுக்கும் ஹோட்டல்காரர்களுக்கும் அப்போது பழைய மோஸ்தரில் ஒரு மோகம் பிறந்திருந்தது. எங்கள் பாட்டன்மார் வசதியில்லாமல் வைத்திருந்ததையெல்லாம் அவர்கள் வசதி வந்ததும் தேடினார்கள். காக்காவின் லொறி பழுகாமத்துக்குப் போனது. முதலில் பூட்டுகள் போயின, அந்தக் காசில் நீலக் கூரையைப் பிடுங்கிவிட்டுப் பழைய ஓடு போட்டார். றேடியோக்கள் போயின, மர யன்னல்கள் வந்தன. லாம்புகள் போயின, தரை சிவப்பானது. மற்றவர்கள் எல்லாம் பளபளவென்று டைல்ஸ் பதிக்கக் கனாக் கண்டுகொண்டிருந்த நேரத்தில், இவர் சிவப்புச் சாயம் கலந்த சீமெந்தை இழுத்து, தேங்காய் மட்டையால் தேய்த்துக்கொண்டு கிடந்தார். குடியிருப்புச் சங்கத் தலைவருக்கு நெஞ்சு வலியே வந்துவிட்டது. "தந்தவங்கட பலகையக் கழட்டிப்போட்டாரே! நாளைக்கு வெள்ளைக்காரன் வந்து கேட்டா என்ன சொல்றது?" என்று என்னிடம் முறையிட்டார். கேட்க யாரும் வரவில்லை. நாடா வெட்டிய கத்தரிக்கோலோடு போனவர்கள் போனவர்கள்தான்.

மூன்று நிறக் கண்ணாடியும் காக்கா எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்தார், ஒரு கீறல் இல்லாமல். கொண்டக்டர் அவற்றைப் பொருத்திவிட்டுக் கீழே இறங்கி நின்று பார்த்தார். பிறகு ஏணியில் ஏறி, சுத்தியலால் மஞ்சளை உடைத்தார். காக்கா வாயில் இருந்த வெற்றிலையை விழுங்கிவிட்டார்.

"அண்ணன், என்ன மையல் பிடிச்சிட்டா ஒங்களுக்கு? அந்த மஞ்சளுக்கு நான் எத்தின ஊர் அலைஞ்சன்!"

"முழுசா இருந்தா அவளுக்குச் சந்தேகம் வரும் காக்கா. ஒரு தகரத்துண்டு இரிக்கா?"

கடைசியாக மிஞ்சியது கதவும் மணிக்கூடுகளும். மணிக்கூடுகளைக் கொடுத்துத்தான் கதவு வாங்கவேண்டும். இத்தனை வருஷமாக அவற்றைச் சபித்த அக்கா, லொறி வந்த அன்று வாசலில் குறுக்கே படுத்துவிட்டாள். "கடலுக்க போகாம உன்னைக் காப்பாத்தினதே இதுகள்தானடா. ஒண்டையாவது விட்டிட்டுப் போ" என்றாள். "காப்பாத்தச் சொல்லி நான் கேக்கல்லயே அக்கா" என்றார் கொண்டக்டர். லொறியில் இரண்டு தட்டு தட்டினார். அவர் தட்டி நான் பார்த்த தட்டுகளில் சத்தமே இல்லாதது அதுதான்.

கதவு தேடிய கதையை ஒரு புராணமாகப் பாடலாம். நானும் பல நாள் கூடப் போனேன். காக்காவின் முற்றத்தில் இடித்த வீடுகளின் கதவுகள் வரிசையாகச் சாத்தியிருக்கும். கொண்டக்டருக்கு மரம் பற்றிக் கவலையில்லை, வேலைப்பாடு பற்றிக் கவலையில்லை. கதவை நிலையில் மாட்டச் சொல்வார், கண்ணை மூடிக்கொண்டு நிற்பார், காக்கா ஆட்டவேண்டும். "இல்ல." அடுத்த கதவு. "இது இருமுது. இல்ல." அடுத்தது. "இது குழந்தப்பிள்ள மாதிரி அழுகுது. இல்ல." நல்ல தேக்கங்கதவு ஒன்று சத்தமே போடாமல் திறந்தது. "ஊமைக் கதவு" என்று தள்ளிவிட்டார்.

"என்ட வாப்பா காலத்தில இரிந்து இந்த யாவாரம்" என்று காக்கா என் பக்கம் திரும்பினார். "கதவு கத்துது எண்டு திருப்பித் தந்தவன் ஆயிரம் பேர். கத்தல்ல எண்டு திருப்பித் தாற மனிசனை இண்டைக்குத்தான் காணுறன்."

மாதக்கணக்கில் இப்படிப் போய் வந்தார். ஒரு நாள் புதிதாக வந்த இரட்டைக் கதவு ஒன்றை மாட்டி ஆட்டியதும் கொண்டக்டர் மூடிய கண்ணைத் திறக்கவேயில்லை. எங்கள் பழைய தெருமுனையில் கேட்கும் அதே கிரீச்.

"ஒரு சொட்டு எண்ண விட்டா இந்தச் சத்தம் போயிரும், அண்ணன்" என்றார் காக்கா, வியாபாரி வாய் சும்மா இருக்காமல்.

"அந்தச் சத்தத்துக்குத்தானே காக்கா மணிக்கூடெல்லாம் குடுத்தன்" என்றார் இவர். கதவின் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டினார்.

வீடு முடிந்தது. அந்த வரிசையில் அது ஒன்று மட்டும் எங்கள் பழைய தெருவிலிருந்து கிளப்பிக் கொண்டுவந்து வைத்தது போல நின்றது. கொண்டக்டர் தினமும் கதவைத் திறந்து மூடிச் சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார், பிறகு சந்திக்குப் போய் வருகிற பஸ்ஸில் இறங்குகிறவர்களைப் பார்ப்பார். வன்னியில் யுத்தம் இறுகியது. கடைசியில் முடிந்துவிட்டது என்று எங்கோ வெடி கொளுத்தினார்கள், சந்தியில் பாற்சோறு கொடுத்தார்கள். எங்கள் வரிசையில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டோம். கொண்டக்டரோடு போய் எத்தனையோ முகாம்களில் பெயர் கொடுத்துவிட்டு வந்தோம். எங்குமே பதில் இல்லை. எல்லோரும் அவளைக் கைகழுவிவிட்டோம், அவரைத் தவிர.

நீண்ட நாளுக்குப் பிறகு, ஒரு மத்தியானம், வதனி வந்தாள். புனர்வாழ்வு என்று ஒரு பெயர் வைத்துப் பிடித்து வைத்திருந்த இடத்திலிருந்து விட்டிருந்தார்கள். தாய் கடலோடு போனதும், நாங்கள் இந்தக் குடியிருப்புக்கு வந்ததும் ஊர் ஆட்கள் சொல்லி அவளுக்கு அங்கேயே தெரிந்திருந்தது. கொண்டக்டர் அன்று காய்ச்சலோடு வீட்டுக்குள் கிடந்தார், சந்திக்குப் போகவில்லை. மெலிந்து கறுத்த ஒரு பெண், ஒரு பையோடு, யாரிடமும் வழி கேட்காமல், இருபுறமும் பாராமல் நேராக அந்த வீட்டுக்கு நடந்து வருவதை நான் என் வாசலில் நின்று பார்த்தேன். இந்த மனிதர் கட்டிய பைத்தியக்காரத்தனம் பலித்துவிட்டதே என்று என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கேற்றடியில் நின்று அவள் கூப்பிட்டாள்.

"அப்பா!"

உள்ளே ஏதோ விழுந்து உருண்டது. பிறகு கதவு திறந்தது. கிரீச்.

அந்தப் பிள்ளையின் முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பின்னால் போனாள். இன்னும் பின்னால் போனாள். கொண்டக்டர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தார், அவள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், ஆனால் கண் கதவை விட்டு அகலவில்லை. "உள்ளுக்கு வா மனே, ஒன்ட வீடு, பார், எல்லாம் அப்பிடியே இரிக்கு, மஞ்சள் கண்ணாடி உடைஞ்சதும் அப்பிடியே" என்று அவர் இழுக்க, அவள் கேற்றைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. பிறகு என் மனைவியைப் பார்த்து, "மாமி, நான் இஞ்ச இரிக்கட்டா?" என்று கேட்டாள். ஒரு மாற்றமும் செய்யாத எங்கள் தகரக் கதவு வீட்டுக்குள் வந்து, சீமெந்துத் தரையில் சுவரோரமாக உட்கார்ந்தாள்.

எத்தனையோ வீடுகள் இருந்த குடியிருப்பில் அவளால் நுழைய முடியாத வீடு ஒன்றே ஒன்றுதான். அதை அவளுக்கென்றே கட்டியிருந்தார்.

என் மனைவி தேத்தண்ணி கொடுத்தாள். கொண்டக்டர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார், உள்ளே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அண்டைக்கு அந்தக் கதவுக்குப் பின்னாலதானப்பா நான் நிண்டன். அம்மாவும் நானும் தாழ்ப்பாளைப் பிடிச்சிட்டு நிண்டம். அவங்க தள்ளத் தள்ள அது கத்தினது. ஒள்ளம் ஒள்ளமாத் திறந்தது. இவ்வளவு வருசமும் நித்திரையில எனக்குக் கேக்கிறது அந்தச் சத்தம்தான். அங்க செல் விழுந்து வெடிச்ச சத்தமெல்லாம் கூட எனக்குக் கேக்கிறல்ல."

கொண்டக்டர் எழுந்து தன் வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போய், "எண்ணெய் விடுவம் அண்ணன், சத்தம் போயிரும்" என்றேன்.

"சத்தம் போகும் தம்பி. கதவு போகுமா?"

காய்ச்சல் உடம்போடு அலவாங்கை எடுத்தார். கீல்களை நெம்பும்போது அந்தக் கதவு ஊர் முழுக்கக் கேட்கக் கத்தியது. வதனி காதைப் பொத்திக்கொண்டாள், நான் ஓடிப்போய் மறு பலகையைப் பிடித்தேன். இரண்டு பலகையையும் இழுத்துக்கொண்டுபோய்க் குடியிருப்புக்கு வெளியே வீதியோரம் போட்டோம். ஏறாவூர் காக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் லொறியோடு வந்து, விஷயத்தைக் கேட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நல்லாக் கத்துற கதவைத் தேடித் தந்த பாவி நானெல்லா" என்றார். கொண்டக்டர் அவர் தோளில் கை வைத்து, "நீங்க எண்ண விடச் சொன்னீங்க காக்கா, கேக்காதது நான்" என்றார்.

பொழுது மங்கியது. அந்த வீடு முன்பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நிலைக்கு மேலே சிவப்பும் பச்சையும் தகரத்துண்டும் மட்டும் மிச்சம். வதனி மெல்ல எழுந்து போய் அந்த வெறும் வாசலுக்கு முன்னால் நின்றாள். நாங்கள் வேலியோரம் நின்றோம்.

"கதவில்லாம எப்பிடியப்பா இரிக்கிறது?"

கொண்டக்டர் ஒரு பாயைக் கொண்டுவந்து நிலைக்குக் குறுக்கே விரித்தார். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, பழைய நாட்களில் மிதிபலகையில் நின்ற அதே சாய்வில் நின்றார்.

"என்ட பஸ்ஸுக்கு எண்டைக்குப் புள்ள கதவு இரிந்த? நான்தானே நிண்டன். ஒராள் விழுந்ததா? ஏறு."

அவள் பாயைத் தாண்டி உள்ளே போனாள். சிவப்புத் தரையில் அவள் கால் வைத்ததைப் பார்த்துவிட்டு, கொண்டக்டர் நிலையில் இரண்டு தட்டு தட்டினார்.

சாகும்வரை அந்தப் பாயில்தான் படுத்தார். அதற்குள் கந்தோருக்கு நடையாய் நடந்து, உறுதியையும் மகளின் பெயருக்கு மாற்றிவிட்டார். இப்போது வதனி அங்கே ஒரு கதவு போட்டிருக்கிறாள், இழுத்தால் சத்தமில்லாமல் நகரும் கதவு. நான் டவுனுக்கு பஸ்ஸில்தான் போய் வருகிறேன். இந்தக் காலத்து பஸ்களில் தட்டுவது குறைவு, மணி அடிக்கிறார்கள். எப்போதாவது ஒரு பொடியன் தகரத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டால், அன்றைக்கு நான் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறேன்.